மினாச்சியின் கணவர் பெயர்

நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தவனைப் போன மாதம் கூப்பிட்டு, தேநீர் தந்து, பத்து நிமிடம் பழைய அனுபவங்களைப் பேசச் சொன்னார்கள். அட்டைப் பெட்டிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். மீதி ஐந்து நிமிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் பிஸ்கட் சாப்பிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பஸ்ஸில்தான், சொல்லியிருக்க வேண்டிய கதை ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆகவே அதை எழுதிவிடுகிறேன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், காணிப் பதிவுகள் பகுதியில் கிளார்க்காக இருந்தவன் நான். வெள்ளைக்காரன் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்கள், வரைபடங்கள், அவற்றின் ஓரத்தில் அரசாங்க ஏஜென்ட் துரைமார் கிறுக்கிய குறிப்புகள், இவற்றை வாசித்தே என் கண்ணாடியின் தடிப்பு ஏறியது. எண்பத்து நான்கில் மனைவி சரோவோடும் பிள்ளைகளோடும் லண்டன் வந்து, பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியேறினோம். அடுத்த வருடம் சரோவின் அம்மாவும் வந்து சேர்ந்தா. முதலில் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. பிறகு ஒரு பாண் பேக்கரி. பிறகு கவுன்சில் நூலகத்தில், உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு, பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நேர்முகத்தில் ஒரு பழுப்புத் தாளை முன்னால் வைத்தார்கள். கச்சேரிக்காரனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அன்றே வேலை கிடைத்தது.

தாளை வைத்தவர் மிஸ் லம்லி. பிரிவின் தலைவி. உயரம், ஒல்லி, வருடம் முழுவதும் அதே சாம்பல் நிற ஸ்வெட்டர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலை பதினொரு மணிக்கு நடைவழியில் நின்றபடி ஓர் ஆப்பிள் சாப்பிடுவா. கொட்டைப் பகுதியைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வா. யார் என்ன சொன்னாலும் அவவிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "எங்கே எழுதியிருக்கிறது?" ஒருநாள், வெளியே மழை என்று சொன்னேன். அவ எழுந்துபோய் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் "ஆம், மழை" என்றா. எனக்கு அந்தக் குணம் பிடித்தது. கச்சேரியில் எனக்கு மேலிருந்தவர்கள் மழையா வெயிலா என்பதை அமைச்சரிடம் கேட்டுச் சொல்லும் ரகம்.

எங்கள் பிரிவின் பெருஞ்சொத்து ஒரு பத்திரிகைக்காரர் விட்டுப்போன குறிப்புப் புத்தகங்கள். விக்டோரியா மகாராணி காலத்து மனிதர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் செய்த ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். செத்த மனிதரால் எழுந்து வந்து மறுமொழி சொல்ல முடியாது. மற்றவர்கள் ஏழைகளைப் பற்றிக் கதிரையில் இருந்து எழுதிய காலத்தில், இவர் கிழக்கு லண்டன் சந்துகளில் இறங்கி நடந்தார். எலும்பு பொறுக்குபவர், பழந்துணி விற்பவர், ஆற்றுச் சேற்றில் இரும்பு தேடுபவர், இவர்களோடு படியில் உட்கார்ந்து பேசினார். பேசியதை ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினார். கடைசியில் அவரும் கடனோடுதான் செத்தாராம். மிஸ் லம்லி அவரை "நம்முடைய ஆள்" என்றுதான் சொல்லுவா. கலியாணம் கட்டாத அந்த மனுசி, வேறு யாரையும் அந்தக் குரலில் சொல்லி நான் கேட்கவில்லை.

அவர் எல்லாரிடமும் ஏழு கேள்விகளைக் கேட்டார். உன் பெயர் என்ன? எங்கே பிறந்தாய்? தகப்பன் அல்லது கணவன் பெயர் என்ன? என்ன வேலை? எங்கே படுக்கிறாய்? நேற்று என்ன சாப்பிட்டாய்? எதற்குப் பயப்படுகிறாய்? வரிசை மாறாது. பதிலை வலப்பக்கத்தில் எழுதுவார். இடப்பக்க ஓரத்தில், எறும்பு போன்ற எழுத்தில், பேசுபவரின் கையும் முகமும் என்ன செய்தன என்று குறித்துவைப்பார். கண்ணைத் துடைத்தான், கதவைப் பார்த்தாள், இப்படி. பத்திரிகையில் அச்சாகும்போது அந்த ஓரக் குறிப்புகள் போய்விடும்.

எங்கள் வேலை, அவர் சந்தித்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுவது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். புத்தகத்தைப் பஞ்சு மெத்தை மேல் பாதி விரித்து வைத்து, பக்கத்தின் மேல் மூலையை மட்டும் பிடித்துப் புரட்ட வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். அட்டையில் பெயர், பிறந்த இடம், தகப்பன் அல்லது கணவன், தொழில், தெரு, பக்க எண். ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாக வாசித்துச் சரி பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று: விவரங்களை அச்சான கட்டுரையிலிருந்து எடுக்க வேண்டும். குறிப்புப் புத்தகம், பெயரின் எழுத்துகளைச் சரிபார்க்க மட்டும். அச்சில் வந்ததுதான் அவர் யோசித்துச் சொன்ன வார்த்தை என்பது மிஸ் லம்லியின் கட்சி.

என் முதல் வருடத்தில் 'மினாச்சி' என்ற பெயர் வந்தது. கப்பல் துறைக்குப் பக்கத்துத் தெருவில் ஊசியும் நூலும் விற்றவள். இலங்கையில் ஒரு தோட்டத் துரையின் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவாக இருந்து, அந்தக் குடும்பத்தோடு லண்டன் வந்து, பிறகு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள். கையில் நாலு வயதுப் பையன். மினாச்சி என்றால் மீனாட்சிதானே! இந்தக் குளிர் நாட்டுத் தெருவில், நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முந்தி, எங்களுடைய மீனாட்சி ஒருத்தி. மேலும் ஆவலாக வாசித்தேன். அடுத்த வரியில் இருந்தது: தன் பிள்ளையின் தகப்பன் பெயரைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை, யாரோ ஒரு கப்பல்காரனுக்காகக் காத்திருக்கிறாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அட்டையில் 'பிள்ளையின் தகப்பன்: தெரியாது' என்று அழகாக எழுதி, பெட்டிக்குள் தள்ளி, அடுத்த ஆளுக்குப் போனேன். வீட்டில் வழக்கமாக அன்றன்று வாசித்ததைச் சொல்லுவேன். அன்று வாயே திறக்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருத்தி இப்படியா, அதுவும் வெள்ளைக்காரன் கண்ணில் பட்டு அச்சில் ஏறும்படியா என்று ஒரு மானக்கேடு. அந்தப் பெயரை அந்த அலுவலகத்தில் விளங்கிக்கொள்ளக் கூடியவன் நான் ஒருவன்தான். நான்தான் அவளை வெட்கப்பட்டு மூடிவைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இரண்டு வருடம் கழித்து, நம்முடைய ஆளைப் பற்றி நூலக மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவானது. பன்னிரண்டு பெரிய பலகைகள், பன்னிரண்டு ஏழைகள். ஒன்று மினாச்சி. அதன் தலைப்பு 'தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை'. அந்தத் தலைப்பையும் அவள் பெயரையும் போட்ட முன்னறிவிப்புத் துண்டுத்தாள்களைத் தபால் கந்தோரிலும் டாக்டர் வீட்டிலும் வைத்தோம். பலகைகளின் வாசகம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒரு மூதாட்டி வந்தா. சின்ன உருவம், நல்ல வெள்ளை நிறம், தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி. துண்டுத்தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினா.

"இது என் தாத்தாவின் அம்மா. இதைச் சுவரில் ஏற்றக்கூடாது."

பெயர் டோரீன். என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறா. அதுவரை நான் கண்டதில்லை. மினாச்சி அடுத்த மாரிக் குளிரில் காய்ச்சல் வந்து செத்துப்போக, பையனைத் தேவாலயப் பரிஷ் நடத்திய அநாதை விடுதியில் சேர்த்தார்களாம். விடுதிக் குமாஸ்தா அந்தப் பத்திரிகையை வாசித்தவன். பதிவேட்டில் 'தகப்பன் தெரியாது, தாயே ஒப்புக்கொண்டது' என்று எழுதிவிட்டான். பத்திரிகையில் வந்த ஒரு வரி, அரசாங்கப் பதிவாகிவிட்டது. டோரீன் கைப்பையிலிருந்து தாத்தாவின் கலியாணப் பத்திரத்தை எடுத்து விரித்தா. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு நீளக் கோடு மட்டும் இருந்தது.

"பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். கலியாணத்தன்று பாதிரியார் எல்லார் முன்னாலும் அந்தக் கட்டத்தில் கோடு கிழித்தார். தாத்தா சாகும்போது எனக்குப் பதினைந்து வயது. கப்பல் துறை வீதியில் கறுப்பு மாலுமி யாரைக் கண்டாலும் நின்று முகத்தைப் பார்ப்பார். அவருக்கே எழுபது வயது, அப்போதும் பார்ப்பார். இப்போது என் அயலவர்கள் எல்லாம் வந்து பார்க்கும்படி அதைப் பெரிய எழுத்தில் போடப் போகிறீர்களா?"

மிஸ் லம்லி பொறுமையாகக் கேட்டா. "மிகவும் வருந்துகிறேன்," என்றா. "ஆனால் அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். எங்கள் அட்டையிலும் அதுதான் இருக்கிறது. எழுதியதை நான் மாற்ற முடியாது."

டோரீன் என்னைப் பார்த்தா. "அந்த அட்டையைக் காட்டுங்கள்."

எடுத்துக் காட்டினேன். "நல்ல கையெழுத்து. யாருடையது?" என்று கேட்டா.

"என்னுடையது," என்றேன். இருபது வருட உத்தியோகத்தில் என் கையெழுத்தைப் பார்த்து நான் வெட்கப்பட்ட ஒரே நாள் அதுதான்.

அவ போன பிறகு, கையைக் கழுவிக்கொண்டு குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். பெயரைச் சரிபார்க்க அல்ல, முதன்முறையாக முழுப் பக்கத்தையும் வாசிக்க. மூன்றாம் கேள்விக்கு எதிரே வலப்பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. இடப்பக்க ஓரத்தில் எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். கணவன் பெயரை மூன்று தடவை கேட்டிருக்கிறார். முதல் தடவை: சிரிக்கிறாள், துணித் தலைப்பால் வாயை மூடுகிறாள். இரண்டாம் தடவை: பையனின் தலையில் கை வைத்து 'இவன் அப்பா' என்கிறாள். மூன்றாம் தடவை: கோபம், கூடையை எடுத்துக்கொண்டு போக எழும்புகிறாள்.

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். அடப்பாவி மனுசா! அவளுக்குப் பெயர் தெரியாமல் இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். என் அம்மா சொன்னதில்லை. கச்சேரிக்குக் காணி விஷயமாக வரும் கிழவிகள் எத்தனை பேர், கணவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் மகனை முன்னால் தள்ளிவிடுவார்கள்! பதிவு எழுதும் நாங்கள் சிரித்துக்கொண்டு மகனிடம் கேட்டு எழுதுவோம். அவளுக்கு முன்னால் தள்ள நாலு வயதுப் பையன்தான் இருந்தான். அவன் தலையில் கை வைத்திருக்கிறாள். அந்த மனுசனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மிஸ் லம்லியிடம் ஓடினேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டா.

"எங்கே எழுதியிருக்கிறது?"

"எங்கும் எழுதியில்லை. எங்கள் பெண்களுக்கு இது எழுதித் தெரிய வேண்டியதில்லை."

"மிஸ்டர் நாதன், உங்களுடைய இனத்துப் பெண் என்றபடியால் அவளைக் காப்பாற்ற உங்களுக்கு விருப்பம் இருக்கும். பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் விருப்பம் ஆதாரம் ஆகாது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "காப்பாற்றும் விருப்பம் எனக்கு இருந்திருந்தால் அந்த அட்டையை அப்படி எழுதியிருக்க மாட்டேன். நான் வெட்கப்பட்டேன், மிஸ் லம்லி. அதனால்தான் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் விட்டேன்."

அவ பென்சிலைக் கீழே வைத்தா. பிறகு கேட்டா, "இந்த வழக்கம் உள்ள பெண் யாராவது இப்போதும் இருக்கிறார்களா?"

"என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறா."

"கூட்டிக்கொண்டு வாருங்கள். எதற்கென்று சொல்லக்கூடாது. நான் கேட்கும்போது நீங்கள் உதவி செய்யவும் கூடாது. மொழிபெயர்ப்பு மட்டும்."

மாமியை வெளியே கிளப்புவது லேசான வேலை இல்லை. என் மாமி, அதாவது சரோவின் அம்மா, கோயிலுக்கும் டாக்டரிடமும் தவிர வேறெங்கும் போகாதவ. புதன்கிழமை காலை கேட்டேன்.

"நூலகத்திலையோ? எனக்கு அங்கை என்ன வேலை தம்பி?"

"எங்கட பெரிய மிஸ் உங்களோட கதைக்க வேணுமாம் மாமி."

"என்னோடையோ? நீங்கள் ஏதும் பிழை விட்டிட்டியளோ?" கண்ணில் உண்மையான கவலை. "வேலையாலை நிப்பாட்டப் போகினமோ?"

ஒரு வகையில் பிழை விட்டதும் உண்மைதான். தலையைச் சொறிந்தேன். அது போதுமாக இருந்தது. மருமகனின் வேலையைக் காப்பாற்ற மாமி நல்ல சேலை உடுத்து, அதன்மேல் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டு, ஒரு டப்பாவில் பருத்தித்துறை வடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினா. இப்படிக் கூட்டிப்போனது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

மிஸ் லம்லி தன் அறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டிருந்தா. மடியில் ஒரு கொப்பி. நம்முடைய ஆளின் ஏழு கேள்விகளை, அவருடைய வரிசையிலேயே, கேட்கத் தொடங்கினா. மாமி தன் பெயரைச் சொன்னா. பிறந்த ஊரைச் சொன்னா, ஊர்க் கோயிலின் திருவிழா எத்தனை நாள் என்பதையும் சேர்த்து.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

மொழிபெயர்த்தேன். மாமி சிரித்தா. சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தா. "அதை நீங்கள் சொல்லுங்கோவன், தம்பி."

நான் பேசாமல் நின்றேன். மிஸ் லம்லி எழுதினா. மறுபடி அதே கேள்வி.

"சரோவின்ரை அப்பா," என்றா மாமி. சொல்லும்போது, சரோ பக்கத்தில் நிற்பதுபோல, கை தானாக ஒரு பக்கம் எழும்பியது.

மிஸ் லம்லியின் பென்சில் ஒரு கணம் நின்றது. முகத்தில் ஒரு மாற்றம். ஆனால் அவ பாதி வேலையில் விடுகிற ஆள் இல்லை. மூன்றாம் தடவையும் கேட்டா.

மாமிக்கு வந்ததே கோபம்! "இவ என்ன பொலிஸோ? அவர் செத்துப் பதினொரு வருசம். அவரின்ரை பேர் இவவுக்கு என்னத்துக்கு? உங்களுக்குத் தெரியுந்தானே, ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோ போவம், எனக்கு இதிலை இருக்க ஏலாது." டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டா.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மிஸ் லம்லியும் எழும்பி, இரண்டு கைகளாலும் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னியுங்கள், மன்னியுங்கள்" என்றா. அந்த மனுசி ஒருவரைத் தொட்டு அதுவரை நான் காணவில்லை. நான் நடந்ததை எல்லாம் மாமிக்கு விளக்கினேன். மாமி நின்ற நிலையிலேயே கேட்டா. மினாச்சியைப் பற்றிச் சொன்னதும் அந்தக் கோபம் அப்படியே பத்திரிகைக்காரர் மேல் திரும்பியது.

"அந்தப் பிள்ளையைத் தெருவிலை வைச்சு மூண்டு தரம் கேட்டவனோ? அவனைப் பெத்தவள் அவனுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

இதை மொழிபெயர்த்தேன். தயக்கத்தோடுதான். மிஸ் லம்லி தன் கொப்பியையும் பழைய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. முப்பது வருடமாக அவ வணங்கிவந்த மனிதர். எனக்கு அவவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"விளங்கியது என்று நினைத்ததை அச்சில் போட்டார்," என்றா கடைசியில். "விளங்காததை ஓரத்தில் எழுதிவைத்தார். நான் இவ்வளவு காலமும் பிழையான பக்கத்தை வாசித்திருக்கிறேன்." பிறகு மாமியின் வடையில் ஒன்றை எடுத்துக் கடித்தா. மேசையில், பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து! அதைவிடப் பெரிய ஒப்புதலை நான் எதிர்பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை பலகையின் வாசகம் மாறிப் போனது. தலைப்பை எடுத்துவிட்டா. அச்சான வரியைப் போட்டு, அதற்குக் கீழே ஓரக் குறிப்பை முழுவதுமாகப் போட்டு, ஒரு தமிழ் மனைவி கணவர் பெயரைச் சொல்லாதது ஏன் என்று மூன்று வரியில் விளக்கம். என் அட்டையையும் மாற்றி எழுதினோம். 'கணவர்: உண்டு. பெயர்: சொல்லவில்லை.' மாமியின் பேட்டி எழுதிய கொப்பிக்கும் ஓர் எண் போட்டு ஆவணமாகச் சேர்த்தா. இனி யாராவது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் காட்டலாம். மாமா பெயர் அதில் இல்லை. இந்தக் கட்டுரையிலும் இல்லை. மாமி இதை வாசிப்பா, நான் அவ சமைக்கும் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் அங்கே வேலை செய்தேன். மிஸ் லம்லி விதியை மாற்றினா. எல்லா அட்டைகளையும் ஓரக் குறிப்புகளோடு மறுபடி பார்த்தோம். பெரிய வேலை, முணுமுணுத்தவர்களும் உண்டு. நான் முணுமுணுக்கவில்லை. சந்தோஷமாகத்தான் செய்தேன். என் உத்தியோக காலத்தில் பிரயோசனமான ஒரு காரியம் செய்தேன் என்று நினைத்தால் அதைத்தான் நினைப்பேன்.

கண்காட்சி தொடங்குவதற்கு முதல்நாள் மிஸ் லம்லி டோரீனைக் கூப்பிட்டிருந்தா. மற்றவர்கள் பார்க்கும் முன் டோரீன் பார்க்க வேண்டும் என்று நினைத்தா. பலகைக்கு முன்னால் நிற்க வைப்பதற்கு முன், வாசிப்பறையில் உட்காரவைத்து, குறிப்புப் புத்தகத்தைப் பஞ்சு மெத்தையில் விரித்தேன். எறும்பு எழுத்து அவவுக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சிரிக்கிறாள், வாயை மூடுகிறாள். பையனின் தலையில் கை வைக்கிறாள்.

"தாத்தாவின் தலையில்," என்றா டோரீன்.

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவவுக்கு விளங்கியது.

ஏழாம் கேள்வியையும் வாசித்துக் காட்டினேன். எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டதற்கு மினாச்சி சொன்ன பதில் அச்சில் வரவே இல்லை. கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர் திரும்பி வரும்போது நானும் பிள்ளையும் இந்தத் தெருவில் இல்லாமல் போனால் எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதுதான் அவள் பயம்.

டோரீன் கைலேஞ்சியை எடுத்தா. எங்களுக்கும் வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டோரீன் கேட்டா:

"அப்படியானால் அவர் பெயர் என்ன?"

"எங்களுக்குத் தெரியாது," என்றேன். "இனித் தெரியவும் வராது. கப்பல் பதிவுகளை மிஸ் லம்லி தேடிப் பார்த்தா. சமையல்காரர்கள் பலரைப் பெயரோடு எழுதவே இல்லை. அவள் சொல்லியிருந்தால் மட்டும்தான் தெரிந்திருக்கும்."

"அவள் நல்ல மனைவி. அதனால் சொல்லவில்லை."

"ஓம்."

டோரீன் கைப்பையைத் திறந்து கலியாணப் பத்திரத்தை எடுத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, மேசையில் விரித்தா. எழுத ஏதாவது தரும்படி கேட்டா. என் பென்சிலைக் கொடுத்தேன். மிஸ் லம்லி தடுக்கவில்லை. பத்திரம் பறக்காமல் இருக்க அதன் மூலையை விரலால் பிடித்துக்கொண்டா. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் என்ற கட்டத்தில், பாதிரியார் கிழித்த கோட்டுக்கு மேலே, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி, டோரீன் எழுதினா: 'இவன் அப்பா.'